பட்டிக்காரி கருத்தம்மாள் நாலு பாஷையோடு போட்ட சண்டை

உலகத்தில் பாஷைகளை ஜெயித்தவர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கினால் முதல் பேர் கருத்தம்மாளின் பேராகத்தான் இருக்கும். ராசாக்கள் யானை, குதிரை, பீரங்கி எல்லாம் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தேசத்தைப் பிடித்தார்கள். அதற்கே கல்லில் வெட்டிக்கொண்டார்கள். குருவிப்பட்டி கருத்தம்மாள் ஒரு கையில் சாணிக்கூடையும் மறு கையில் விளக்குமாறுமாக நின்று மலையாளம், இந்துஸ்தானி, இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளை ஓட ஓட விரட்டினாள். நாலாவதாக வந்த கன்னடத்தை மட்டும் பாவம் பார்த்து, உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவள் தொண்டையைத் திறந்தால் சுருளி அருவி பாதி வழியில் நின்று, என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டுதான் மீதி வழி விழும்.

இத்தனைக்கும் அவளுக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்று. அதிலும் எழுத்துத் தெரியாது.

சண்டை எல்லாம் ஒரே ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல் பட்டி.

அவள் பிறந்தது பழனிசெட்டிபட்டி. வாக்கப்பட்டது குருவிப்பட்டி. வேலை பார்ப்பது பட்டியில். ஊரார் கூப்பிடுவது பட்டிக்காரி. இப்படி விடிந்தால் அடைந்தால் ஒரு சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறவளிடம் போய் அந்தச் சொல்லைக் கேலி பண்ணினால் சும்மா விடுவாளா? உங்கள் வீட்டுக் கூரையை ஒருவன் பிடுங்கினால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

குருவிப்பட்டி கம்பத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு நட்டநடுவில் கல்லடுக்கி, மேலே முள் போட்டு வளைத்த பெரிய வளைவு. அதுதான் பட்டி. மாடு அடைகிற இடம். முதலில் பட்டி வந்தது, பட்டியைச் சுற்றி வீடு வந்தது, வீட்டைச் சுற்றிச் சண்டை வந்தது, அப்படித்தான் ஊர் வந்தது என்பார்கள். கருத்தம்மாளின் புருஷன் சுருளியாண்டி ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் மாடுகளை மலைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார். கன்று, சாணி, பால், நெய், வயலில் மாடு கட்டி எருப்போடச் சொல்லி வருகிற சம்சாரிகளிடம் பேச்சு, வாய்ச்சண்டை எல்லாம் கருத்தம்மாள் பொறுப்பு. அந்த மாடுகள் மலைமாடுகள். மூக்கில் கயிறு கிடையாது. மனுஷன் தொட்டால் முட்டும். சுருளியாண்டியின் சீழ்க்கைக்கும் கருத்தம்மாளின் சத்தத்துக்கும்தான் கட்டுப்படும்.

ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று மலையில் இருக்கிற மாடெல்லாம் இறங்கி வரும். பட்டி வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி மாடு உள்ளே ஏறும்போது ஊரே நின்று, "பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் நொடியும் தெருவோட போக" என்று கூவும். மாடு பட்டி ஏறாமல் ஒரு வீட்டிலும் பொங்கலை இலையில் வைக்கக்கூடாது. பச்சைப்பிள்ளை அழுதாலும் சரி, பசியில் பெரியவர் மயங்கி விழுந்தாலும் சரி, மாடு ஏறினால்தான் சோறு.

முதல் சண்டை குமுளியில் நடந்தது. திருவிதாங்கூர் எல்லையில் ஏறியதும் எஸ்டேட் ஆட்களுக்குச் சாமான் விற்கிற கடைகள் இருக்கும். கருத்தம்மாள் நெய்ப்பானையைத் தலையில் வைத்து மலை ஏறுவாள். அன்றைக்குப் புதுக் கடைக்காரர் ஒருவர், நல்ல மனுஷர், நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "எவிடெ நின்னா அம்மே?" என்று கேட்டார்.

"குருவிப்பட்டி."

கடையில் நின்ற இரண்டு பயல்கள் சிரித்தார்கள். ஒருவன் நாய் மாதிரிக் குரைத்தான்.

"என்னத்துக்குடா குரைக்கிற? வகுத்துவலியா?" என்றாள் கருத்தம்மாள்.

மூட்டை தூக்க வந்த கூடலூர்க்காரன் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இவுக பாஷையில பட்டின்னா நாயி, அக்கா."

அவ்வளவுதான். நெய்ப்பானையைக் கீழே இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏன் சாமி, நாய்க்கு நாயின்னு ஒரு நல்ல பேரு இருக்கு. அதை விட்டுட்டு என் ஊர்ப்பேரை எடுத்து நாய் கழுத்துல கட்டியிருக்கீகளே, யாரைக் கேட்டுக் கட்டுனீக?"

கடைக்காரர் பதறிப்போனார். "அம்மே, களியாக்கியதல்ல. ஞங்ஙள் பண்டே அங்ஙனெயா பறயுன்னே." கேலி இல்லை, வெகுகாலமாகவே இப்படித்தான் சொல்கிறோம் என்கிறார்.

"பண்டேயா? அப்பப் பண்டே களவாண்டிருக்கீக. இன்னைக்குத்தான் பிடிபட்டிருக்கீக."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், குரைத்தவனை ஒரு தட்டுத் தட்டினார், நெய்யையும் வாங்கிக்கொண்டார். ஆனால் மலை இறங்குகிற வழியெல்லாம் கருத்தம்மாளுக்கு நெஞ்சு ஆறவில்லை. பாதி மலையில் அவளே ஒரு தீர்ப்பும் சொன்னாள். ஆதியில் பட்டியைக் காக்க எவனோ ஒரு நாயைக் கட்டியிருப்பான். அது பட்டிநாய். மலையேறிப் போனவன் பட்டியை மறந்துட்டான், நாயை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டான். இதுதான் அவள் தீர்ப்பு. சரியா தப்பா என்று சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. இருந்தாலும் அவளிடம் போய்ச் சொல்ல ஆள் கிடையாது.

குமுளியோடு முடிந்திருந்தால் இது ஒரு சந்தைச் சண்டை. ஆனால் சொல் மலை இறங்கி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. கொண்டுவந்தது வேறு யாருமில்லை, சுருளியாண்டியின் கூடப்பிறந்த தம்பி அம்மாவாசி.

அம்மாவாசி வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. மாட்டுச் சாணி வாசம் பிடிக்காமல் பதினாறு வயதில் மலையேறியவர், இப்போது கோட்டு, தொப்பி, கைக்கடிகாரம் சகிதம் இறங்கி வந்தார். கடிகாரம் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஓடாவிட்டாலும் அது கடிகாரம்தானே. கூடவே இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொண்டுவந்தார். முப்பத்தேழாம் வருஷத்துப் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், மார்கழிக் கடைசியில், மந்தைவெளியில் ஊர்க்கூட்டம் போடச் சொன்னார். விளக்கு இரண்டையும் ஏற்றி நடுவில் வைத்தார். குருவிப்பட்டியில் அதுவரை யாரும் பக்கத்து ஆளின் மூஞ்சியை ராத்திரியில் இவ்வளவு துலக்கமாகப் பார்த்ததில்லை. சிலருக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது.

"ஊர்ப்பெரியவுகளே, காலம் மாறிப்போச்சு" என்று அம்மாவாசி ஆரம்பித்தார். "கம்பத்துல மோட்டார் ஓடுது. லோயர் கேம்ப்புல போயிப் பாருங்க, மலையையே குடைஞ்சு தண்ணியைக் கொண்டாந்துட்டாக. நம்ம மட்டும் இன்னும் பட்டி, பட்டின்னுகிட்டு. மலையாளத்தான் இதைக் கேட்டா என்ன சிரிப்பு சிரிக்கிறான் தெரியுமா? நாய்ப் பேருய்யா, நாய்ப் பேரு. இனிமே நம்ம ஊருக்குக் குருவி நகர்னு பேரு வைப்போம். ஊருக்கு நடுவுல நாறிக்கிட்டுக் கெடக்குற மாட்டுத்தொழுவத்தைக் கரட்டடிக்குக் கொண்டுபோயிருவோம். அந்த இடத்துல ஒரு கல் மேடை கட்டுறேன். இந்த ரெண்டு வெளக்கும் ஊருக்கே சொந்தம். அங்கன தொங்கட்டும்."

கருத்தம்மாள் கணக்குப் போட்டாள். ஊருக்கு வெளியே, மொட்டைக் கரட்டின் அடியில் இருக்கிற கரட்டடியில் தண்ணீர் கிடையாது. போன வருஷம் அங்கே கட்டிய ரெண்டு கன்றையும் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பட்டி அங்கே போனால் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. பேர் போனால் இடம் போகும், இடம் போனால் மாடு போகும், மாடு போனால் அவளும் சுருளியாண்டியும் அம்மாவாசிக்குப் பின்னாலேயே தேயிலை கிள்ளப் போகவேண்டியதுதான். எவ்வளவு அநியாயம் பாருங்கள். ஒரு பயல் குமுளியில் குரைத்ததற்கு இங்கே ஒரு மந்தை மாட்டுக்குத் தலைவிதி மாறுவதா?

"கொழுந்தனாரே" என்று எழுந்தாள். "மலையாளத்தான் சொல்லுறதுக்காக நம்ம பேரை மாத்துறதுன்னா, நாளைக்குத் தெலுங்கன் ஒண்ணு சொல்லுவான், அதுக்கு ஒருக்க மாத்துவியா?"

"மலையாளம் மட்டும் இல்ல மதனி. எந்த பாஷையிலயும் அதுக்கு மருவாதி இல்ல. கோட்டைச்சாமி அண்ணன் நாலு தேசம் பாத்தவுக, அவுகளைக் கேளுங்க."

கோட்டைச்சாமி ஜெர்மன் சண்டைக்குப் போய் பசராவில் இருந்து திரும்பியவர். கூட்டம் என்றால் பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை காக்கித் துணியை வரிவரியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார். அந்தக் காலை நீட்டிக் காட்டினார்.

"பட்டாளத்துல பட்டின்னா இதுதான். காலுல சுத்துற துணிக்கீத்து. இந்துஸ்தானிக்காரன் சொல்லு, வெள்ளக்காரனும் அதையேதான் எடுத்துக்கிட்டான். காயத்துக்குக் கட்டுறதும் பட்டிதான். மொத்தத்துல கிழிஞ்ச துணி."

"பாத்தீகளா? கிழிஞ்ச துணி" என்றார் அம்மாவாசி.

"அண்ணே" என்றாள் கருத்தம்மாள். "பசராவுல உங்க தொடையில குண்டு பாஞ்சுச்சே, ரத்தம் நிக்க எதை வச்சுக் கட்டுனாக?"

கோட்டைச்சாமி யோசித்தார். "பட்டியத்தான்."

"உசிரு ஒழுகிப் போகாம கட்டி வச்ச துணிண்ணே அது. அதைப் போயி கிழிஞ்ச துணிங்குறீகளே, அடுக்குமா?"

கோட்டைச்சாமி காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மாவாசி விடவில்லை. ஊர் முகப்பில் காப்பிக் கிளப் வைத்திருக்கிற ஜெபமணியைக் கைகாட்டினார். ஜெபமணி மலையில் ஒரு துரை பங்களாவில் சமையல் பட்லராக இருந்தவர். இங்கிலீஷ் அவருக்கு எண்ணெயில் போட்ட வடை மாதிரி மேலேயே மிதக்கும்.

"துரைமார் வீட்டுல பட்டின்னா ஒரு பலகாரமுங்க" என்றார் ஜெபமணி. "கறியைப் பொடிசாக் கொத்தி, மாவுக்குள்ள பொதிஞ்சு, அடுப்புக்குள்ள வச்சு வேக வைக்கிறது. அது பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து வந்த சொல்லுன்னு துரைசானி சொல்லுவாக."

"என்ன கறி?" என்றாள் கருத்தம்மாள்.

ஜெபமணி மேலே விளக்கைப் பார்த்தார். "ஆட்டுக்கறியும் வைப்பாக..."

"உம்?"

"கோழி..."

"உம்?"

"பெரும்பாலும் மாடுதாங்க."

கூட்டம் ஓவென்று இரைந்தது. கருத்தம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மாவாசியைப் பார்த்தாள். "கேட்டுக்க. மாட்டை உள்ள வச்சு வளக்குறதுக்கு நம்ம ஊருல பேரு பட்டி. மாட்டை உள்ள வச்சு வேக வைக்கிறதுக்கு அவுக ஊருல பேரு பட்டி. இதுல யாருடா வெக்கப்படணும், நானா, துரையா?"

கூட்டத்தின் ஓரத்தில் கம்பத்துப் பஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற மாட்டுக்காரக் குடும்பம். பொலிகாளைக்குக் கன்று பார்க்க வந்தவள், நேரமாகிவிட்டதால் தங்கியிருந்தாள். அவள் சொன்னாள்: "எங்க வீட்டுல ஹட்டிம்போம். மாடு அடையுற இடமும் ஹட்டிதான், நாலு வீடு சேந்த இடமும் ஹட்டிதான். ரெண்டும் ஒண்ணுதான், வாயில முன்பக்கம் மட்டும் கொஞ்சம் தேஞ்சு போச்சு."

"அசலூர்க்காரிக்கு நம்ம கூட்டத்துல என்ன பேச்சு?" என்றார் அம்மாவாசி.

"அவளா அசலூரு? முன்பல்லு விழுந்தாலும் அவ சொல்லு நம்ம வீட்டுப் பிள்ளை. நீதான்டா பல்லு முழுசா இருந்தும் அசலூரு" என்றாள் கருத்தம்மாள். அன்றைக்குப் பஞ்சம்மாளுக்குக் கொடுத்த மோர்தான் முதலில் சொன்ன மோர்.

நியாயத்துக்கு மதிப்பு உள்ள ஊராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கவேண்டும். பாஷை ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். ஆனால் அம்மாவாசி எழுந்து இரண்டு விளக்கையும் அணைத்தார். மந்தை கும்மிருட்டாகிவிட்டது. "சரி, பழைய பேரே இருக்கட்டும். நான் வெளக்கை எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். இருட்டுக்குள் ஒரு முனகல் கிளம்பியது. பிறகு ஒரு குரல், "பேருல என்னப்பா இருக்கு?" என்றது. இன்னொரு குரல், "நகர்னாலும் நல்லாத்தான் இருக்கு" என்றது. விளக்கு திரும்ப எரிந்தபோது கையெல்லாம் மேலே இருந்தது. விட்டில் பூச்சிக்கும் குருவிப்பட்டிக்கும் என்ன வித்தியாசம்? விட்டிலாவது யாரையும் பலிகொடுக்காமல் தான் மட்டும் விழுந்து சாகும்.

கருத்தம்மாள் அப்படியே நின்றாள். அவள் மனதில் என்னென்னவோ ஓடியது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு முதல் முதலாய்க் கூட்டிய சாணம், அவள் கையில் பிறந்த கன்றுகள், தோளில் போட்டு வளர்த்த தாயில்லாக் கன்று, எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. அவள் கண்ணில் இருந்து ஒரு சொட்டு, அந்த இரும்பு மனுஷியின் கண்ணில் இருந்து ஒரே ஒரு சொட்டு, கன்னத்தில் இறங்கியது. தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோற்ற பிறகுதான் அவளுடைய பெருந்தன்மை வெளியே வந்தது.

"பேர்ப்பலகை எழுதுவியே கொழுந்தனாரே, அதை எங்கன மாட்டப் போற?"

"ஊர் எல்லையில, புளியமரத்துல."

"அங்கன எவன் பாப்பான்? பொங்கலன்னைக்கு ஊரே கூடுறது பட்டி வாசல்ல. எப்படியும் போகப் போற பட்டி. கடைசியா ஒருக்க அலங்காரமா இருந்துட்டுப் போகட்டும். வாசலுக்கு மேலயே கட்டு."

அம்மாவாசி தொப்பியைக் கழற்றினார். "மதனி, உங்க மனசு யாருக்கு வரும்? நல்ல தேக்குப் பலகையாப் பாத்துச் செஞ்சுருவோம்."

"தேக்கு கனக்கும்யா. தகரத்துல அடி. வெள்ளை பூசி, சிவப்புல எழுது. தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியும்."

எதிரியின் கொடியைத் தன் வாசலிலேயே ஏற்றச் சொன்ன மனசு. அரிச்சந்திரன் கதையில்கூட இவ்வளவு கிடையாது.

மாட்டுப் பொங்கல் வந்தது. பட்டி வாசலில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே 'குருவி நகர்' என்று எழுதிய தகரத்தைக் கட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் கலர்க் காகிதம். உலக்கை குறுக்கே கிடந்தது. வீட்டுக்கு வீடு பொங்கல் இறக்கி, மூடி வைத்துவிட்டு, ஊரே வாசலில் கூடியிருந்தது. அம்மாவாசி புதுக் கோஷம் சொல்லிக் கொடுத்தார். "நகர் பெருக" என்று பிள்ளைகள் சொல்லிப் பார்த்தன. ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அதன் ஆத்தா தலையில் குட்டினாள், பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பொழுது சாயத் தொடங்கும்போது மலைப்பக்கம் புழுதி தெரிந்தது. சுருளியாண்டி சீழ்க்கையடித்துக்கொண்டு பின்னால் வர, முன்னால் கிழட்டுச் செவலைப் பசு. மந்தைக்கே அதுதான் தலைமை. அது நடந்தால் எல்லாம் நடக்கும். வாசலுக்குப் பத்தடி தள்ளி வந்ததும் செவலை நின்றது. தலையைத் தூக்கியது. பலகையைப் பார்த்தது.

"நகர் பெருக!" என்று கூவினார் அம்மாவாசி. ஊரும் அரைகுறையாகக் கூவியது.

செவலை ஒரு பெருமூச்சு விட்டது. மூக்கை உறிஞ்சியது. பிறந்த நாளில் இருந்து கேட்ட பேரைக் காணோமே, இது நம் இடமில்லையே என்று அது நினைத்தது. பலகையில் இருந்த அந்நியப் பேரை அதன் ரத்தமே ஒத்துக்கொள்ளவில்லை. கூடலூர்ப் பக்கம் இருந்து ஒரு காற்று வந்தது. செவலை சட்டென்று திரும்பியது. அது திரும்பியதும் மந்தையே திரும்பியது. எங்கே போயின? நேராக அம்மாவாசியின் புதுச் சுண்ணாம்பு வீட்டுக்கு. முற்றத்தில் கொஞ்சம், வாசற்படியில் கொஞ்சம், மேய்ந்து முடித்த தெம்பில் சுவரோரமாகக் கொஞ்சம் சாணி.

"ஏய்யா, அடிச்சு ஓட்டுங்க!" என்று அம்மாவாசி ஓடினார். மூக்கில் கயிறு இல்லாத மாட்டை எதைப் பிடித்து இழுப்பது? கொம்பைப் பிடித்தார். செவலை தலையை ஓர் ஆட்டு ஆட்டியது. கோட்டும் கடிகாரமுமாகச் சாணியில் உட்கார்ந்தார். சுருளியாண்டி அன்றைய நாலு வார்த்தையில் இரண்டைச் செலவழித்தார்: "நானென்ன செய்ய?"

மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடி வாசலில் நின்று, மறுபடி திரும்பியது. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதன. பேரில் என்னப்பா இருக்கு என்று மார்கழியில் கேட்ட அதே குரல் இப்போது, "மாடே ஒத்துக்கலையே, நமக்கென்னய்யா வந்துச்சு கேடு?" என்று சீறியது. "ரெண்டு வெளக்குக்குப் பேரைத் தூக்கிக் குடுத்தோம்ல, அதான் வயித்துல அடிக்குது" என்றாள் ஒரு பொம்பளை. விளக்குக்குக் கை தூக்கினதில் அவள்தான் முதல் கை.

கடைசியில் பசி தாங்காதவர் கோட்டைச்சாமி. பட்டாளத்தில் வேளைக்குச் சோறு தின்று பழகிய வயிறு. விறுவிறுவென்று மூங்கிலில் ஏறித் தகரத்தை அறுத்துக் கீழே எறிந்தார். இறங்கும்போது ஒரு காலின் பட்டி மூங்கில் கணுவில் இழுபட்டு, சுற்றுச் சுற்றாகக் கழன்று அவர் பின்னாலேயே வால் மாதிரி வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "கூப்பிடு கருத்தம்மா!" என்றார்.

கருத்தம்மாள் வாசலுக்கு வந்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"பட்டி பெருக!"

சுருளி அருவி அன்றைக்கும் நின்றுதான் விழுந்திருக்கும். அவள் பின்னால் ஊரே கூவியது. "பட்டி பெருக! பால்பானை பொங்க!" அம்மாவாசியின் மகன்கூடக் கூவினான். செவலை நடந்தது. உலக்கையைத் தாண்டியது. அதன் பின்னால் மந்தை முழுக்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வீடு வந்த பிள்ளைகள் மாதிரி உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு பேரை மாற்றவேண்டும் என்று யாரும் பேசவில்லை. பட்டியைக் கரட்டடிக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் பேசவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மாவாசி கிணற்றடியில் கோட்டை அலசிக்கொண்டிருந்தார். கருத்தம்மாள் இலையில் பொங்கல் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"தின்னு."

அவர் நிமிரவில்லை. "தோட்டத்துல பேரு கூப்பிடுவாக மதனி, காலையில. குருவிப்பட்டி அம்மாவாசின்னா ஒரு பய எங்கயாவது குரைப்பான். எனக்குப் பழகிப்போச்சு. போன வருசம் எம்மகனையும் கூட்டிட்டுப் போனேன். அவனைப் பாத்துக் குரைச்சானுக. பய ரெண்டு நாளு சோறு திங்கல."

கருத்தம்மாள் இலையை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு அவள் கோபம் திரும்ப வந்தது. ஆனால் இந்தத் தடவை அது அவர்மேல் இல்லை.

"ஏன்டா, அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? அவன் குரைச்சா மாத்த வேண்டியது நம்ம பேரையா, அவன் வாயையா? அடுத்து நீ மலையேறையில நானும் வாரேன். காலையில பேரு கூப்பிடுற இடத்துல எம் பிள்ளை பக்கத்துல நிக்கிறேன். எவன் குரைக்கிறான்னு பாக்குறேன்."

போனாள். நின்றாள். ஒருவனும் குரைக்கவில்லை. அம்மாவாசி ஊருக்கே விட்டுப்போன இரண்டு விளக்கும் இன்றைக்கும் பட்டி வாசலில்தான் தொங்குகின்றன, எண்ணெய் இருக்கிற நாளில் எரிகின்றன.

இவ்வளவையும் எழுதி முடித்து, எழுதியவனே போய்க் கருத்தம்மாளிடம் படித்துக் காட்டினான். அவள் கன்றுக்கு உண்ணி எடுத்துக்கொண்டே கேட்டாள். அருவி நின்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். செவலை பெருமூச்சு விட்ட இடத்தில் கையை நிறுத்தினாள்.

"ஏலே, மாடு பலகையைப் படிச்சுச்சாக்கும்? பேரு ஒத்துக்கலைன்னு திரும்புச்சாக்கும்? மூதி, மாட்டுக்கு ஊர்ப்பேரு எதுக்கு? காத்துக்குத் தகரம் டபடபன்னு அடிச்சுச்சு, வெயிலுக்கு மின்னுச்சு. மலைமாடு புதுசா ஒரு துணி தொங்குனாலே வாசல் ஏறாது. கழட்டுனதும் ஏறிருச்சு. பொறந்த கன்னுக்கே தெரியும் இது. அம்மாவாசிக்குத்தான் மறந்துபோச்சு."

எழுதியவன் வாயைத் திறந்தான்.

"வாயை மூடு. தேக்கு வேணாம், தகரத்துல அடின்னு சொன்னது யாரு? நீயே எழுதியிருக்கியே. எழுதிப்புட்டு அதுக்குப் பேரு பெருந்தன்மையாம். எனக்கா? பெருந்தன்மையா? எம் மனசுக்குள்ள என்னமோ குடியிருந்தவன் மாதிரி எழுதியிருக்க, குடியிருந்தவனுக்கு இது தெரியலையா?"

உண்ணி ஒன்றை நகத்தில் வைத்து நசுக்கினாள்.

"இன்னொண்ணு. மந்தையில நான் அழுதேன்னு எழுதியிருக்க. ஒரு சொட்டாம், கன்னத்துல இறங்குச்சாம். நான் எங்கடா அழுதேன்? எனக்குத்தான் அதுக்குள்ள தகரம் ஞாபகம் வந்திருச்சே. ரெண்டு வெளக்கு வெளிச்சத்துல நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. கூட்டத்துக்குக் கடைசியில நின்னு, சட்டையைத் தூக்கித் தூக்கி மூக்கைத் துடைச்சது யாருன்னு சொல்லவா?"